ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லை, பிராந்தியில் திராட்சை இல்லை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படிக்கலாம்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவர் இப்போது வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சார், இங்கே ஒரு கடையில் பிராந்தி பாட்டில் பார்த்தேன். மொத்தமே இத்தனை பாட்டில்தான் என்று ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். உலர்ந்த திராட்சை, வெனிலா, தேங்காய், கிராம்பு வாசனை வரும் என்று எழுதியிருக்கிறது. அதையெல்லாம் உள்ளே போடுகிறார்களா? நம்ம ஊர் பிராந்தியும் இதுவும் ஒன்றா?"

வாத்தியாரிடம் கேட்கிற கேள்வியா இது என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு நல்ல கேள்வியாகத்தான் பட்டது. நான் குடிப்பதில்லை. ருசி பற்றி இங்கே எழுதுவதெல்லாம் படித்ததும் கேட்டதும்தான். ஆனால் இந்தக் கேள்விக்குள் மதுரைச் சீமையின் இருநூறு வருஷக் கதை இருக்கிறது.

முதலில் அந்த பாட்டிலுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

பிராந்தி என்றால் திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்தது. டச்சுக்காரர்கள் அதை 'எரித்த ஒயின்' என்ற பொருளில் பிராண்டவைன் என்றார்கள். ஆங்கிலேயர் அதைச் சுருக்கி பிராண்டி ஆக்கினார்கள். இதில் பேர்போன ஊர் பிரான்சில் உள்ள கோன்யாக். அங்கே புளிப்பு மிகுந்த வெள்ளைத் திராட்சையில் ஒயின் செய்து, செம்புப் பானையில் இரண்டு முறை வடிக்கிறார்கள். ஒன்பது பத்து லிட்டர் ஒயின் வடித்தால் ஒரு லிட்டர் கிடைக்கும். அப்போது அது தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் இருக்கும். பிறகு ஓக் மரப் பீப்பாயில் ஊற்றி, பாதாள அறையில் வருஷக்கணக்காக வைத்துவிடுகிறார்கள். பீப்பாய் செய்யும்போது உட்புறத்தைத் தீயில் வாட்டியிருப்பார்கள். வெனிலா வாசனை அந்த வாட்டிய மரத்திலிருந்து வருவது. தேங்காயும் கிராம்பும் அப்படித்தான், மரத்தில் இருக்கிற பொருட்கள் கொடுப்பவை. நிறமும் மரத்தின் தயவு. பத்து வருஷம், இருபது வருஷம் ஆகும்போது காற்று மெல்ல உள்ளே போய் உலர்பழ வாசனை, வாதுமை எண்ணெய் வாசனை எல்லாம் கூடுமாம். ஆக, அந்தத் திராட்சையையும் தேங்காயையும் கிராம்பையும் யாரும் உள்ளே போடவில்லை. காலமும் மரமும் செய்த வேலை.

அப்புறம் ஏன் நம்பர் போட்டு விற்கிறார்கள்? இது கணக்குப் பாடம். பீப்பாயில் இருப்பது வருஷாவருஷம் ஆவியாகிக் குறையும். அதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோன்யாக்கின் குளிருக்கு ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் போகும். 100 லிட்டர் வைத்தால் இருபது வருஷம் கழித்து 66, 67 லிட்டர் மிஞ்சும். பெங்களூரின் அம்ருத் விஸ்கி நிறுவனத்தார் தங்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேலேயே போகிறது என்கிறார்கள். 'பேராசை பிடித்த தேவதைகள்' என்று அர்த்தம் வரும் பெயரிலேயே மிகச் சில பாட்டில்கள் விற்கவும் செய்தார்கள். 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டர் இருபது வருஷத்தில் 12 லிட்டராகிவிடும். கூட்டு வட்டி தலைகீழாக ஓடினால் என்ன ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. வகுப்பில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். பங்குனி வெயிலில் மதுரையில் பீப்பாய் வைத்தால் தேவதைகள் என்ன பங்கு கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நம் ஊர்க் கதை.

மதுவை நாள்பட வைத்துக் குடிப்பது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த விஷயம் இல்லை. மூங்கில் குழாயில் ஊற்றி முதிர வைத்த தேறலும், மண்ணில் புதைத்து வைத்து எடுத்த தேறலும் புறநானூற்றில் வருகின்றன. நாட்பட்ட தேறலின் உறைப்புக்குத் தேள் கொட்டின கடுப்பை உவமை சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்காஞ்சியில் கள்ளுக்கடைக் கொடி பறக்கிறது. ஆனால் இவை எல்லாம் புளிக்க வைத்தவை, காய்ச்சி வடித்தவை அல்ல.

திராட்சை மதுவும் அன்றே மதுரைக்கு வந்திருக்கிறது. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாடலில், யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் ஊற்றிக் கொடுக்கிற காட்சி உண்டு. 'கலம்' என்பதற்குக் கப்பல் என்றும் சொல்லலாம், குப்பி அல்லது சாடி என்றும் சொல்லலாம். கப்பலில் சாடியை ஏற்றித்தானே வந்திருப்பான், இரண்டையும் வைத்துக்கொள்வோம். அரிக்கமேட்டில் 1945இல் வீலர் தோண்டியபோது கிடைத்த ஆம்போரா சாடித் துண்டுகளில் ஒயின் சாடிகள் நிறைய. நம் வைகை கடலில் சேருமிடத்துக்குப் பக்கம் அழகன்குளத்திலும் ரோமானியப் பானைத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளுஸ் நூல் முசிறிக்கும், பாண்டியர் வசமிருந்த நெல்கிண்டா துறைமுகத்துக்கும் என்னென்ன சரக்கு போகிறது என்று பட்டியல் போடுகிறது. அதில் ஒயினும் உண்டு, 'அதிகமில்லை' என்ற குறிப்போடு. நம் மாணவர் பார்த்த பாட்டில் மாதிரி அன்றைக்கும் அளவாகத்தான் வந்திருக்கிறது. அரசன் குடித்தான். ஊர் கள்ளைக் குடித்தது.

அதற்குப் பிறகு ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு மேல் தாண்டி கம்பெனிக் காலத்துக்கு வருகிறேன். காய்ச்சி வடிக்கும் வித்தை உலகம் முழுக்கப் பரவியிருந்த காலம். வெள்ளைக்காரச் சிப்பாயும் கலெக்டரும் மதராஸ் மாகாணத்துக்கு வந்தபோது அவர்களோடு பிராந்தியும் வந்து இறங்கியது. 'பிராந்தி பானி', அதாவது பிராந்தியும் தண்ணீரும், அந்தக் காலத்து ஆங்கிலோ இந்தியர்களின் அன்றாடப் பேச்சு. 1886இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியிலேயே அதற்கு இடம் இருக்கிறது. எக்ஷா என்ற கம்பெனியின் பிரெஞ்சு பிராந்திக்கு இந்தியாவில் தனி மவுசு. அங்கஸ் மெக்டவல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1826இல் மதராஸில் தொடங்கிய வியாபாரம், வெள்ளைக்காரர்களுக்கு சாராய வகைகளும் சுருட்டும் தருவித்துக் கொடுத்த வியாபாரம்தான். இன்றைக்கும் அந்தப் பெயர் பாட்டிலில் இருக்கிறது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல், தமிழ் வாத்தியார்கள் ரசிப்பார்கள். 'பிராந்தி' என்று ஒரு சொல் தமிழில் ஏற்கெனவே இருந்தது. வடமொழியிலிருந்து வந்தது. அகராதியில் மயக்கம், சுழற்சி என்று பொருள். மலையாளத்தில் பைத்தியத்தைப் பிராந்து என்பதும் அந்த வேர்தான். டச்சுக்காரன் சொல்லுக்கும் இதற்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஆனால் இவ்வளவு பொருத்தமாக ஒரு சொல் வந்து உட்கார்ந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, வெள்ளைக்காரர் குடித்தது எப்படி மதுரைப் பக்கத்துக் கிராமத்துக்கு வந்தது? என் கணிப்பில், மருந்துப் பெட்டி வழியாக.

19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிராந்தி ஒரு மருந்து. காய்ச்சலில் படுத்தவருக்கு மணிக்கொரு தரம் பிராந்தி கொடுத்த டாக்டர்கள் லண்டனில் இருந்தார்கள். பிரிட்டிஷ் அரசாங்க மருந்து நூலில் பிராந்திக் கலவை என்றே ஒன்று உண்டு. பிராந்தி, முட்டை மஞ்சள் கரு, சர்க்கரை, இலவங்கப்பட்டைத் தண்ணீர். படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 1967இல் என் தம்பி பிறந்தபோது பாட்டி அம்மாவுக்குக் கொடுத்தது அதேதான். பட்டை மட்டும் கிடையாது. நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு மூடி பிராந்தி விட்டு, "மூச்சைப் பிடிச்சிக்கிட்டு முழுங்கிரு தாயி" என்பார். எங்கள் வீட்டில் எல்லோரும் அதைப் பாட்டி வைத்தியம் என்றே நினைத்திருந்தோம். லண்டன் வைத்தியம் நாலைந்து தலைமுறையில் பாட்டி வைத்தியம் ஆகியிருக்கிறது. 1967 மதுவிலக்குக் காலம். பட்டாளத்தில் இருந்த சித்தப்பா லீவுக்கு வரும்போது துணிக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்த பாட்டில் அது. அரிசிப் பானைக்குள் இருக்கும். பிள்ளைக்குச் சளி பிடித்தால் பாலாடையில் இரண்டு சொட்டு, நெஞ்சில் கொஞ்சம் தடவல்.

1916இலேயே அமெரிக்காவின் மருந்து நூல் விஸ்கியையும் பிராந்தியையும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. குடித்ததும் உடம்பு சூடாகிற மாதிரி இருப்பது, தோலுக்கடியில் ரத்தக் குழாய் விரிவதால். உண்மையில் அப்போது உடம்புச் சூடு வெளியே போகிறது. சளிப் பிள்ளைக்கு இது கெடுதல், கைக்குழந்தைக்கு ஆபத்து. ஆனால் அந்தச் செய்தி எங்கள் தெருவுக்கு வர இன்னும் அறுபது எழுபது வருஷம் ஆனது. இன்றும் சில வீடுகளுக்கு வந்து சேரவில்லை.

இடையில் பிரான்சிலும் ஒன்று நடந்தது. 1870களில் ஃபிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி கோன்யாக் தோட்டங்களை அடியோடு அழித்தது. பிராந்திக்குத் தட்டுப்பாடு. லண்டன் கனவான்கள் விஸ்கி சோடாவுக்கு மாறினார்கள். இந்தியாவில் வெள்ளைக்காரக் கிளப்புகளும் மாறின. நம் தெற்கத்தி ஆட்கள் மாறவில்லை. வடக்கே விஸ்கி, தெற்கே பிராந்தி என்ற பிரிவு இன்றுவரை அப்படியே இருக்கிறது. இந்தியாவில் விற்கும் பிராந்தியில் பெரும்பகுதி தென் மாநிலங்களில்தான். மருந்து என்ற பெயர் ஒட்டிக்கொண்டதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். பழத்தில் செய்தது, உடம்புக்கு ஆகும் என்ற நம்பிக்கை விஸ்கிக்கு வாய்க்கவில்லை.

இந்தப் 'பழத்தில் செய்தது' என்ற இடத்துக்குத்தான் வர நினைத்தேன்.

ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1948இல் ஓமந்தூரார் காலத்தில் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் கலைஞர் தளர்த்தினார், 1974க்குள் அவரே மறுபடி மூடினார். 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் டாஸ்மாக் வந்தது. 1987இல் கள்ளும் சாராயமும் தடை. 1990இல் மலிவு விலை மது என்று வந்ததும் அடுத்த வருஷமே போனது. 2003இலிருந்து சில்லறைக் கடையும் அரசாங்கத்துடையதே. தேதிகளை வரிசையாகச் சொல்வது போரடிக்கும், தெரியும். இதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பனையிலும் தென்னையிலும் இறக்கிய நம் ஊர்ச் சரக்கு சட்டத்துக்கு வெளியே போனது. சட்டத்துக்கு உள்ளே மிஞ்சியது 'இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது'. இந்தப் பெயரை ஒரு தரம் நிதானமாகப் படியுங்கள். இந்தியாவில் தயாரித்தது எப்படி அயல்நாட்டுச் சரக்கு ஆகும்?

அது எதில் தயாராகிறது என்பது அலங்காநல்லூர், பாண்டியராஜபுரம் பக்கம் இருந்தவர்களுக்குப் புரியும். கரும்பாலையில் சர்க்கரை எடுத்த பிறகு தார் மாதிரி மிஞ்சுமே, கழிவுப்பாகு. மொலாசஸ். இதுபோன்ற பாகைப் புளிக்க வைத்து, பெரிய கோபுரங்களில் வடித்து, வாசனையே இல்லாத எரிசாராயமாக்கி, தண்ணீர் சேர்த்து, கருக்கிய சர்க்கரையில் நிறம் கொடுத்து, எசென்ஸ் விட்டால் ஒரே தொட்டியிலிருந்து பிராந்தி, ரம், விஸ்கி மூன்றும் வரும். திராட்சை பிராந்தி கொஞ்சம் கலக்க வேண்டும் என்று விதி உண்டு. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, கலப்பு பிராந்தி அல்லது இந்திய பிராந்தி என்று போடுவதற்கு 2 சதவீதம் திராட்சை பிராந்தி இருந்தால் போதும். அதாவது 180 மில்லி குவார்ட்டரில் மூன்றரை மில்லிக்குச் சற்று அதிகம். முக்கால் ஸ்பூன். பிரெஞ்சுக்காரன் 1909இலேயே எல்லைக்கல் நட்டு, இந்த மண்ணில் விளைந்த திராட்சையில் வடித்தால்தான் கோன்யாக் என்று சட்டம் போட்டுவிட்டான்.

நம் ஜனங்கள் மதுக்கடையை 'ஒயின் ஷாப்' என்கிறார்கள். வயசானவர்கள் 'பிராந்திக் கடை' என்பார்கள். இரண்டும் திராட்சையின் பெயர். கடைக்குள் போய்த் திராட்சையைத் தேடினால் முக்கால் ஸ்பூன்.

இதை வெறும் வார்த்தை விளையாட்டாக நான் சொல்லவில்லை. உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஒன்றியப் பள்ளியில் நான் இருந்தபோது, சாராயக்கடை மூடின சமயம், நாலாம் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா அடிக்கடி பள்ளிக்கூட வாசலுக்கு வருவார். நல்ல மனிதர். பிள்ளை மேல் உயிர். ஒருநாள் நான் ஜாடையாகக் குடியைப் பற்றிப் பேச்செடுத்தேன். அவருக்குக் கோபமே வரவில்லை. "சார், நான் சாராயத்தைக் கையால தொடுறதில்ல. பிராந்திதான். டாக்டரே எழுதிக் குடுக்குற சாமான். பழத்துல செஞ்சது சார், ஒண்ணும் பண்ணாது" என்றார். கூலி கூடின நாளில் இரண்டு குவார்ட்டர். பையன் ஏழாவது முடிக்கும் முன் கண்ணெல்லாம் மஞ்சளாகி, வயிறு வீங்கிப் போய்ச் சேர்ந்தார். மஞ்சள் காமாலை என்றுதான் ஊரில் சொன்னார்கள். பையன் படிப்பை விட்டுவிட்டு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

உண்மையான திராட்சையில் வடித்திருந்தால் அவர் ஈரல் பிழைத்திருக்குமா என்றால், பிழைத்திருக்காது. சாராயம் எதிலிருந்து வந்தாலும் ஈரலுக்கு ஒன்றுதான். ஆனால் தான் குடிப்பது சாராயமே இல்லை என்று அவரை நம்ப வைத்தது அந்தப் பெயர். கழிவுப்பாகுச் சாராயம் என்று லேபிளில் இருந்திருந்தால் பாலாடையில் எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தாய்க்குக் கை வரும்?

இதில் வேடிக்கை, திராட்சை நமக்குத் தூரமே இல்லை. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி, சின்னமனூர் வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் போனால் கம்பம் பள்ளத்தாக்கு. 1996இல் தேனி மாவட்டம் பிரியும் வரை அது மதுரை மாவட்டம்தான். 1895இல் பென்னிகுக் திருப்பிவிட்ட பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பூமி. வருஷம் முழுக்கத் திராட்சை அறுவடை நடக்கிற இடம் இந்தியாவில் இதுபோல் அபூர்வம். இங்கே விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பன்னீர் திராட்சையின் சொந்தப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று எல்லா இடத்திலும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த வருஷம் உதைக்கிறது. இந்த ரகத்தை உண்டாக்கியவர் இங்கிலாந்தில் ஸ்னோ என்ற தோட்டக்காரர், 1850ஐ ஒட்டிய காலம். குழந்தை பிறப்பதற்கு முன்பே அதைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது. பாதிரியார் 1832இல் கொண்டுவந்தது வேறு ஏதாவது கொடியாக இருக்க வேண்டும், அல்லது வருஷம் தப்பு. பாதிரியார்கள் பூசைக்கு ஒயின் வேண்டித் திராட்சை வளர்ப்பது உலக வழக்கம், அதில் சந்தேகமில்லை.

பன்னீர் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. ரோஜாவில் இருக்கிற வாசனைப் பொருட்களில் சில மஸ்கட் இனத் திராட்சையிலும் இருக்கின்றன. இதே இனத்துத் திராட்சைகளை வைத்துப் பெரு நாட்டுக்காரர்கள் பிஸ்கோ என்று ஒரு பிராந்தி வடிக்கிறார்கள். அவர்கள் மரப்பீப்பாய் பக்கமே போவதில்லை. மரம் பட்டால் பூ வாசனை அமுங்கிவிடும் என்று, மரமல்லாத பாத்திரத்தில் மூன்று மாதமாவது வைத்து எடுத்துவிடுகிறார்கள். கிரேக்கர்கள் மெடாக்ஸாவில் மஸ்கட் ஒயினைச் சேர்க்கிறார்கள். யாராவது ஒருநாள் கம்பத்துப் பழத்தில் வடித்து, நம்பர் போட்டு ஐந்நூறு பாட்டில் விற்றால் அதில் வெனிலாவும் தேங்காயும் இருக்க வேண்டியதில்லை, பன்னீர் வாசனை இருந்தால் போதும். நம் வெயிலில் இருபது வருஷம் பீப்பாயில் வைப்பதும் தேவதைகளுக்கு அன்னதானம் போடுகிற வேலைதான். கொத்து கிலோ பத்து, இருபதுக்கு விழும்போதெல்லாம் ஒயின் ஆலை வேண்டும் என்று விவசாயிகள் கேட்கிறார்கள். மகாராஷ்டிரம் 2001இலேயே திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. குடி வளர வேண்டும் என்று நான் கேட்கவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். ஏற்கெனவே திராட்சையின் பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறோம், அந்தக் காசில் கொஞ்சமாவது திராட்சைக்காரனுக்குப் போகக்கூடாதா என்பதுதான் என் கேள்வி.

சுருளி அருவிக்குப் போகிறவர்கள் வழியில் சுருளிப்பட்டித் தோட்டங்களில் நிறுத்திப் பழம் வாங்குங்கள். காலையில் வெட்டினதாகப் பார்த்து வாங்கவும். தோல் மெல்லிசு, இரண்டாம் நாளே காம்பை விட்டு உதிர ஆரம்பித்துவிடும். விதையைத் துப்பச் சோம்பல்படுபவர்களுக்கு ஓடைப்பட்டியில் விதையில்லாதது கிடைக்கும், ஆனால் அதில் இந்த வாசனை கிடையாது.

அடுத்த பதிவில் பாண்டியராஜபுரம் கரும்பு வண்டிகளைப் பற்றி எழுதுகிறேன். வண்டிக்குப் பின்னால் ஓடிக் கரும்பு உருவினவர்கள் கமெண்டில் கையைத் தூக்குங்கள்.